வராத விமானத்துக்கு எழுதிய டிக்கெட்

போன மாதம் எங்கள் வீட்டு அட்டிக்கைக் காலி செய்தோம். ஏணியை இழுத்து இறக்கி, தலையைக் குனிந்துகொண்டு ஏற வேண்டிய இடம். என் மகள் மேலே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிவிட, நான் கீழே நின்று இது குப்பைக்கு, இது கோயிலுக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு நீல ரெக்ஸின் பை வந்து காலடியில் விழுந்தது. ஒரு பக்கத்தில் வெள்ளையில் ஒரு பறவை, அதன் கீழே விமானக் கம்பெனியின் பெயர். பாதி உதிர்ந்துபோயிருந்தது. உள்ளே எந்தக் காலத்து ஃபோனுக்கோ உரிய சார்ஜர் ஒயர்கள்.

"அம்மா, வாட் ஏர்லைன் இஸ் திஸ்? ஐ கான்ட் ஃபைண்ட் இட் எனிவேர்" என்றாள் மகள். அதற்குள் ஃபோனில் தேடியும் பார்த்துவிட்டாள்.

"இருந்தது" என்றேன்.

அவள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். நான் பையின் ஜிப்பைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன். வெயிலில் காய்ந்த ரெக்ஸினுக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பழைய அம்பாசடர் காரின் பின்சீட்டு வாசனை. எனக்கு மட்டும் அதோடு சிவப்புக் கார்பன் வாசனையும், கண்ணாடிக் குடுவையில் காலையிலிருந்து கொதித்துக் கசந்த காப்பியின் வாசனையும், யோகநாதன் அங்கிள் தலைக்குத் தடவும் எண்ணெயின் வாசனையும் சேர்ந்து வந்தன.

அந்தக் காலத்தில் விமான டிக்கெட் கையால் எழுதுவது. ஒவ்வொரு தாளின் பின்புறமும் சிவப்பாக மை பூசியிருக்கும். மேல் தாளில் அழுத்தி எழுதினால் கீழே உள்ள எல்லாத் தாளிலும் பதியும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது என் விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும். மருதாணி வைத்துக்கொண்டாயா என்று, நாங்கள் அப்போது இருந்த பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை ஆசையாகக் கேட்டாள். இல்லை, ஆப்பிரிக்காவுக்கு டிக்கெட் எழுதினேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை.

பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாக் கட்டடமும் ஒன்றுபோல இருக்கும். அமெரிக்கா வந்த புதிதில் நான் வேறு யாருடைய கதவிலோ சாவியைப் போட்டு வெகுநேரம் போராட, உள்ளேயிருந்து ஒரு சீனத்துத் தாத்தா திறந்து, தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார். என் கணவர் ரகுவுக்கு மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை. எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. மூன்று வருஷம் கூப்பன் கத்தரித்துக்கொண்டும் நூலகத்துப் புத்தகங்களைப் படித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தேன். கிரீன் கார்ட் வந்தபோது ரகு சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். நான் எதிர் வீட்டுக்காரியிடம் கொடுத்துக் காட்டினேன்.

அந்த வருஷத்துப் பொங்கல் விழாவில்தான் யோகநாதன் அங்கிளைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். உயரமாக, ஒல்லியாக, கோட்டுப் பையில் மூன்று பேனாவோடு. ஒரு சின்ன ஆப்பிரிக்க நாட்டின் அரசாங்க விமானக் கம்பெனியில் இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்து, பல வருஷம் விமானங்களைப் பழுது பார்க்கும் இன்ஜினியராக இருந்தவர். பிறகு அமெரிக்க ஆபீசைப் பார்த்துக்கொள்ள அவர்களே இங்கே அனுப்பியிருந்தார்கள்.

"டைப்பிங் தெரியுமோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"தெரியும் அங்கிள்."

"ஃபோனிலை மரியாதையாக் கதைப்பீரோ?"

"பேசுவேன்."

"அப்ப திங்கக்கிழமை வாரும்."

நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களுக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் அதுவரை தெரியாது. ஆபீஸ் நூவர்க்கை ஒட்டி, ஒரு சலவைக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இருந்தது. காலையில் ரகு என்னைப் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறக்கிவிடுவார். ரயிலில் போய், பஸ் மாறி, கதவைத் திறந்தால் எதிர்ச் சுவரில் ஆப்பிரிக்கா. அதில் எங்கள் நாடு ஒரு கைக்குட்டை அளவு. அதிலிருந்து அக்கம்பக்கத்து நாடுகளுக்குச் சிவப்புக் கோடுகள். நாங்கள் அமெரிக்காவுக்குப் பறக்கவேயில்லை. ஐரோப்பியக் கம்பெனி ஒன்றில் பக்கத்து நாட்டின் பெரிய விமான நிலையம்வரை வந்து இறங்குபவர்களை, அங்கிருந்து எங்கள் விமானம் ஏற்றிக்கொள்ளும். ஒரு நாடு என்றால் கொடி வேண்டும், பாட்டு வேண்டும், விமானம் வேண்டும், விமானம் என்றால் அமெரிக்காவில் ஆபீஸ் வேண்டும் என்று யாரோ ஒரு அமைச்சர் நினைத்திருக்க வேண்டும்.

மொத்தம் மூன்று விமானங்கள். இரண்டு காற்றாடி வைத்தவை. ஒன்று ஜெட், அது பெரும்பாலும் பழுதில் கிடக்கும். அங்கிள் அவற்றை மூத்தவள், நடுவிலாள், கடைக்குட்டி என்றுதான் சொல்வார். "மூத்தவளுக்கு இடது கை நடுக்கம். ஆனா ஒருநாளும் ஆரையும் நடுவழியிலை விட்டதில்லை" என்பார். அமைச்சர் யாராவது அவசரமாக வந்தால் ஏறிய பயணிகள் இறங்க வேண்டும். மலையில் இருந்த சின்ன விமானத்தளத்தில் விமானம் இறங்குமுன் ஒருவன் சைக்கிளில் போய் ஆடுகளை விரட்டுவான். விமானத்தில் காகிதப் பொட்டலத்தில் அவித்த வேர்க்கடலை கொடுப்பார்கள். இதெல்லாம் அங்கிள் சொல்லிக் கேட்டது. நான் இன்றுவரை ஆப்பிரிக்காவில் கால் வைத்ததில்லை. ஆனால் அந்தக் கால அட்டவணை எனக்கு மனப்பாடம். எந்தக் கிழமை எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் சின்னமான அந்தப் பறவையை மட்டும் வெகுநாள் கிளி என்று நினைத்திருந்தேன். அது பெரிய அலகுள்ள இருவாட்சி என்று ஒரு பயணிதான் திருத்தினார்.

ஃபோனில் பெயர் எழுத்துகளைச் சொல்லும்போது பி ஃபார் பாண்டிச்சேரி, டி ஃபார் திருச்சி என்று சொல்லிவிடுவேன். மறுமுனையில் இருப்பவர், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பார். அங்கிள் உள்ளறையிலிருந்து சிரிப்பார். மத்தியானம் அவர் மனைவி பவானி அன்ரி கட்டிக் கொடுத்த சோற்றில் எனக்கும் ஒரு பங்கு இருக்கும். என் அப்பா இறந்தபோது ஊருக்குப் போக ஒரே இரவில் டிக்கெட் ஏற்பாடு செய்து, விமான நிலையம்வரை வந்து ஏற்றிவிட்டவர் அவர்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது.

எங்களிடம் வருபவர்களில் பாதிரியார்களும் குரங்குகளை ஆராய்பவர்களும் உண்டு. மற்றவர்கள் எல்லாம் அந்த நாட்டுக்காரர்கள்தான். டாக்சி ஓட்டுபவர்கள், முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் பெண்கள். அப்படி வந்தவள் பேஷன்ஸ். பொறுமை என்று பெயர் வைத்தார்கள், ஆனால் எனக்கு அது கிடையாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிஃப்ட் முடித்துவிட்டு வெள்ளை ஷூவோடு வந்து நாற்காலியில் சரிவாள். அவளுடைய மகள் ரூத் மலை மேல் ஊரில் பேஷன்ஸின் அக்காவிடம் வளர்ந்தாள். குழந்தை நடக்க ஆரம்பித்தபோது விட்டுவிட்டு வந்தவள். இப்போது ரூத்துக்கு ஒன்பது வயது. அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடப் படம் ஒன்றை எங்கள் கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே அவளே செருகி வைத்தாள். நீங்கள்தானே கூட்டிவரப் போகிறீர்கள், முகம் பழகட்டும் என்றாள்.

வருஷக்கணக்காகக் காத்திருந்த விசா ஒருவழியாக வந்தது. ஆனால் அதற்குக் கெடு உண்டு. அந்தத் தேதிக்குள் குழந்தை அமெரிக்க மண்ணில் இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பேஷன்ஸ் கவுண்டரில் கையூன்றி நின்று கேட்டாள்.

"நிஜமாகச் சொல். அந்த விமானம் வருமா? வராது என்றால் அக்காவை இப்போதே ரோடு வழியாக எல்லை தாண்டிக் கூட்டிப்போகச் சொல்லிவிடுவேன். மழைக்கு முன்னால் என்றால் லாரி போகும். கஷ்டம்தான், ஆனால் போய்விடும்."

எனக்கு அதற்குப் பதில் தெரியாது. உள்ளே போய் அங்கிளிடம் கேட்டேன். அவர் எழுந்து வெளியே வந்தார். பேஷன்ஸின் எதிரில் உட்கார்ந்து, கண்ணாடிக்குக் கீழிருந்த ரூத்தின் படத்தைப் பார்த்தார்.

"ஒரு குழந்தையை எதற்கு அந்த ரோட்டில் அனுப்புகிறாய்? விமானம் இருக்கிறது" என்று அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதும் பிள்ளை" என்றார்.

எழுதினேன். மலை ஊரிலிருந்து தலைநகர், அங்கிருந்து பக்கத்து நாடு, அங்கிருந்து ஐரோப்பா, அங்கிருந்து நூவர்க். ஒவ்வொரு தாளிலும் குழந்தையின் பெயர் சிவப்பாகப் பதிந்தது. அங்கிள் தன் கையாலேயே அட்டை போட்டு ஸ்டேப்பிள் அடித்துக் கொடுத்தார். பேஷன்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் விடவில்லை.

அதற்குப் பிறகு சில வாரம் எல்லாம் வழக்கம்போலப் போயிற்று. மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று தலைநகர் ஆபீஸ்காரர்கள் ஃபோனில் அலுத்துக்கொண்டார்கள். அங்கிள் ஒருநாள் சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தார். டெக்சாசில் மச்சானைப் பார்த்து வெகுகாலம் ஆயிற்று, குடும்பத்தோடு ஒரு வாரம் போய்வருகிறேன் என்றார். பவானி அன்ரி எனக்கு ஒரு டப்பா பருத்தித்துறை வடை கொடுத்தனுப்பியிருந்தார். நான் சந்தோஷமாகவே வழியனுப்பினேன்.

அடுத்த வாரம் ஒரு காலை தலைநகர் ஆபீசில் யாரும் ஃபோன் எடுக்கவில்லை. அது புதிதில்லை, அங்கே மழை பெய்தால் ஃபோன் படுத்துவிடும். ஆனால் எல்லா எண்ணும் அடித்துக்கொண்டேயிருந்தது. மத்தியானம் அவர்களில் ஒருத்தி, எனக்குக் குரலாக மட்டுமே தெரிந்த ஒரு பெண், தன் வீட்டிலிருந்து கூப்பிட்டாள். ஆபீசைப் பூட்டிவிட்டார்கள், வாசலில் போலீஸ் நிற்கிறது, விமானங்கள் பறக்கப் போவதில்லை என்றாள். எங்களை உள்ளே போய்க் கைப்பையைக்கூட எடுக்க விடவில்லை என்று அழுதாள்.

திரும்பியிருப்பாரோ என்று அங்கிளின் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. ஒரு வாரம் வெளியூர் போனவர் ஃபோனை ஏன் துண்டித்தார் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. தப்பான எண்ணை அழுத்திவிட்டேன் என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்தினேன். சாயங்காலம் ரகு என்னைக் கூட்டிப்போக நேரில் வந்தார்.

"வா, பார்சிப்பனியில அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துடலாம். பக்கத்து வீட்ல யார்கிட்டயாவது டெக்சாஸ் நம்பர் இருக்கும்" என்றார்.

அங்கிள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருவன் ஏணி மேல் நின்று கூடத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். சாமான் ஒன்றும் இல்லை. அடுப்பங்கரையில் பவானி அன்ரி எவ்வளவு துடைத்தும் போகாத மஞ்சள் கறை மட்டும் இருந்தது. காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள், நல்ல மனிதர்கள், வீட்டைச் சுத்தமாக விட்டிருக்கிறார்கள் என்றான் அவன். வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். ரகு வண்டியை எடுக்கவில்லை.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றேன். அப்போதும் அவருக்காகத்தான் பேசினேன்.

மறுநாள் நான் ஆபீசைத் திறந்தேன். திறந்திருக்கவே வேண்டாம் என்று ரகு சொன்னார். ஆனால் வருபவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டுமே. பேஷன்ஸ் வந்தாள். ரூத்தின் விமானத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் சொன்னதைக் கேட்டு அவள் கத்தவில்லை. மலை ஊரில் இருந்த ஒரே ஃபோன் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில். அதற்கு இருவரும் மாற்றி மாற்றி அடித்தோம். மழையில் லைன் செத்துக் கிடந்தது. தந்தி கொடுத்தோம். அது எப்போது போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

அக்காக்காரி குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டு, தலை பின்னி, விமானத்தளத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். மறுநாளும் போயிருக்கிறார்கள். பிறகுதான் லாரி ஏறினார்கள். மழையில் ஒரு பாலம் போயிருந்தது. விசாவின் கெடு அவர்கள் சாலையில் இருக்கும்போதே கழிந்துவிட்டது. பக்கத்து நாட்டு விமான நிலையத்தில் ஐரோப்பியக் கம்பெனிக்காரர்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. நான் வீட்டிலிருந்து யார் யாருக்கோ ஃபோன் செய்து கெஞ்சினேன். எல்லாரும் வருத்தப்பட்டார்கள்.

பேஷன்ஸ் கடைசியாக ஆபீசுக்கு வந்தபோது நான் சுவரிலிருந்து ஆப்பிரிக்காவை இறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவள் உட்காரவில்லை.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"சத்தியமாகத் தெரியாது."

"அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டாய். உனக்குத் தெரியாதா?"

அவள் கவுண்டர் கண்ணாடியைத் தூக்கி ரூத்தின் படத்தை எடுத்தாள். வெகுநாள் இருந்ததால் அது கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. நகத்தால் மெதுவாகப் பெயர்த்தெடுத்து, ஓரம் கிழிந்துவிட்டதைப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டு போனாள்.

ரூத் வந்தாள். மறுபடி விண்ணப்பித்து, இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகி. எனக்கு யாரும் சொல்லவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலில் பார்த்தேன். அம்மாவின் தோள் உயரம் வந்துவிட்ட ஒரு பெண், ஷூக் கடை வாசலில் அம்மாவை விட்டுக் கொஞ்சம் தள்ளியே நின்றாள். பழகாத மனுஷியோடு நிற்பதுபோல. பேஷன்ஸ் என்னைப் பார்த்தாள். மகளின் தோளில் கை வைத்து மறுபக்கமாகத் திருப்பிக்கொண்டு நடந்தாள். எனக்குக் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

யோகநாதன் அங்கிளை நான் தேடிப் போகவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில், ரகுவின் சிநேகிதர் ஒருவர் டெக்சாசில் பேர்லேண்ட் என்ற ஊரில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தார். விசேஷம் முடிந்து அந்த ஊரிலேயே இருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் போனோம். புளியோதரை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் தலையெண்ணெய் வாசனைதான் முதலில் வந்தது. அவரும் திரும்பினார். தலை நரைத்திருந்தது, தொப்பை போட்டிருந்தது.

"பிள்ளை, நீரோ? எப்ப வந்தனீர்?" என்றார், போன வாரம் பார்த்தவர்போல. வீடு பக்கத்தில்தான், அன்ரி சந்தோஷப்படுவா என்று வற்புறுத்தினார். ரகு என்னைப் பார்த்தார். நான் போகலாம் என்றேன்.

பெரிய வீடு. பிள்ளைகள் இருவரும் டாக்டருக்குப் படிப்பதாகச் சொன்னார்கள். அன்ரி என்னைக் கட்டிக்கொண்டார். தேநீர் போட உள்ளே போனார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"உங்களுக்கு எப்போ தெரியும், அங்கிள்?"

அவர் பொய் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்ல வேண்டும்.

"மூண்டு மாசத்துக்கு முன்னமே தெரியும். மினிஸ்ட்ரியிலை முடிவெடுத்திட்டினம். வெளியிலை விடாதையும் எண்டு சொன்னவை." சுவரில் இருந்த பிள்ளைகளின் படத்தைக் காட்டினார். "எங்கடை கிரீன் கார்ட் அந்த ஆபீஸ் பேரிலைதான் போட்டது, பிள்ளை. கார்ட் கைக்கு வருமட்டும் ஆபீஸ் நடக்கவேணும். இல்லாட்டி எங்கை போறது? அந்த நாட்டிலையும் இருக்கேலாது. ஊரிலை சண்டை. ரெண்டு பிள்ளையளோடை எங்கை போறது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீர் அதிலை இருந்து டிக்கெட் எழுதியிருப்பீரோ?"

மாட்டேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் சொல்லாமல் இருந்திருக்கிறார். வரைபடத்துக்கு எதிரில் உட்கார்ந்து மரியாதையாகப் பேச, விஷயம் தெரியாத ஒருத்தி வேண்டியிருந்திருக்கிறது. ஒருவேளை முதல் நாளிலிருந்தே எனக்கு அந்த வேலைதானோ என்று தோன்றியது. அப்படி இருக்காது. ஆனால் அப்பா இறந்தபோது அவர் செய்ததைக்கூட அன்றிலிருந்து என்னால் பழையபடி நினைக்க முடியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

"ரூத்துன்னு ஒரு குழந்தைக்கு டிக்கெட் எழுதச் சொன்னீங்க. நீங்களே வெளியில வந்து சொன்னீங்க" என்றேன்.

அவர் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார்.

"ஆர் அது, பிள்ளை?" என்றார்.

அன்ரி தேநீரோடு வந்தார். நான் எழுந்துவிட்டேன். ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு என்று ரகு சமாளித்தார். வாசல்வரை வந்து அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிக்காதையும்" என்று மெல்லச் சொன்னார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வடை டப்பாவைக் கட்டும்போதே தெரிந்திருக்கிறது.

அங்கிள் இப்போது இல்லை. பேஷன்ஸ் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. சலவைக் கடையும் பல் டாக்டரும் எங்கள் ஆபீசும் இருந்த கட்டடத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். சில வருஷத்துக்கு முன்னால் நூவர்க் விமான நிலையத்தில் நான் ஏறிய டாக்சியை ஓட்டியவர் அந்த நாட்டுக்காரர். மலை ஊரின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அவருடைய ஊருக்குப் பக்கத்து ஊராம். விமானத்தளத்தில் இப்போது சோளம் விதைக்கிறார்கள், நல்ல சமதரை என்றார். மூத்தவளை எங்கோ உதிரி பாகத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். மற்ற இரண்டும் தலைநகரில் புல்லுக்குள் நிற்கின்றனவாம்.

கம்பெனியை மூடியதை ஊரில் எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"மூடியதாக யார் சொன்னார்கள்?" என்றார் அவர். "சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஒருநாள் ரேடியோவில் வந்தது. அதைக் கேட்டுவிட்டு என் அப்பா அடுத்த வாரமே பெட்டியோடு விமானத்தளத்துக்குப் போனார். அதற்கு மறு வாரமும் போனார். அதற்கப்புறம் வேறு எந்த அறிவிப்பும் வரவில்லை, அம்மா. இன்றைக்கும் அது தற்காலிகம்தான்."